வாடகை கம்மி... காரணம் கேட்காதீங்க!

பி.காம். படித்தவர்களுக்கு 'குட்வில்' என்ற சமாசாரம் தெரிந்திருக்கும். தமிழ்ப் பாடப் புத்தகத்தில் அதற்கு 'நற்பெயர்' என்று பெயர். கண்ணால் பார்க்க முடியாது. கையால் தொட முடியாது. லாரியில் ஏற்ற முடியாது. ஆனாலும் ஐந்தொகையில் சொத்துப் பக்கத்தில் ஜம்மென்று சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும்.

ஓர் அல்வாக் கடையை விற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுப்பு, அண்டா, கரண்டி, கல்லாப்பெட்டி எல்லாம் சேர்த்து இரண்டு லட்சம்தான் தேறும். வாங்குகிற ஆசாமி எட்டு லட்சம் கொடுக்கிறார். மீதி ஆறு லட்சம் எதற்கு? 'அந்தக் கடை அல்வாவா!' என்று ஜனங்கள் வாயைப் பிளக்கிறார்களே, அதற்கு.

சரி. 'அந்தக் கடையா!' என்பதற்கு ஆறு லட்சம் ஏறுகிறது. 'அந்த வீடா...' என்பதற்கு எவ்வளவு இறங்கும்?

இந்தக் கணக்கை எந்த வாத்தியாரும் கரும்பலகையில் போட்டுக் காட்டவில்லை. திருக்கோகர்ணத்தில் ஒரு புரோக்கர்தான் காட்டினார், டி.வி.எஸ். எக்செல்லில் உட்கார்ந்தபடி.

என் மனைவிக்குப் புதுக்கோட்டைக்கு மாற்றல் வந்தது. (அடியேன் எங்கே உட்கார்ந்து எழுதினாலும் ஒன்றுதான். எந்த ஊரில் இருந்தாலும் செக் லேட்டாகத்தான் வரும்.) டவுனுக்குள் மேல வீதி, கீழ வீதி என்று நம்பர் போட்ட வீதிகளில் எல்லாம் அலைந்துவிட்டு, கடைசியில் திருக்கோகர்ணத்துக்கு வந்து சேர்ந்தோம்.

"கோவிலுக்கு நடக்குற தூரம், மியூசியத்துக்கு நடக்குற தூரம், திருச்சி பஸ்ஸுக்கு நடக்குற தூரம் சார்" என்றார் புரோக்கர். நடக்கிற தூரத்தை வண்டியில் இருந்துகொண்டே அளப்பது அவர்கள் தொழில் ரகசியம். ஆனால் வீடு நிஜமாகவே நன்றாக இருந்தது. இரண்டு ரூம், ஹால், மாடியில் ஒரு ரூம், கொல்லையில் வேப்பமரம், வற்றாத கிணறு, கரண்டுக்குத் தனி மீட்டர்.

"வாடகை?"

"மூவாயிரத்து ஐநூறு."

அந்தத் தெருவில் அப்படி வீடு ஏழாயிரத்துக்குக் குறைந்து கிடையாது. திருக்கோகர்ணத்தில் குடியிருக்கிற பிரகதாம்பாள் பெயரில் தொண்டைமான் ராஜாக்கள் அம்மன் காசு என்று ஒன்று அடித்து வைத்திருந்தார்கள். ஒரு ரூபாய்க்கு 320 காசு. மனிதர் ஒருவேளை அந்தக் கணக்கில் சொல்கிறாரோ என்றுகூட நினைத்தேன்.

"ஏன் இவ்வளவு கம்மி?"

"ராசியான வீடு சார்."

கேட்டதற்கும் சொன்னதற்கும் சம்பந்தம் இல்லை. வீட்டு விஷயத்தில் இப்படி ஒரு பதில் வந்தால் நேராக டீக்கடைக்குப் போய்விட வேண்டும். போனேன்.

"எந்த வீடுண்ணே பார்த்தீங்க?"

"பச்சைக் கேட், கொல்லையில வேப்பமரம்..."

"அந்த வீடா..."

மாஸ்டர் ஆற்றிக்கொண்டிருந்த டீ ஒரு விநாடி அந்தரத்திலேயே நின்றது. அப்புறம் குரலைத் தாழ்த்தி, ஓர் ஆள் அங்கே துர்மரணம் என்றார். அமாவாசை அன்றைக்கு என்றார். இருபதடி தள்ளி இஸ்திரி வண்டிக்காரரிடம் விசாரித்தால், புருஷன் பெண்சாதி இரண்டு பேர். கோவில் வாசலில் பூ விற்கிற அம்மாள் கணக்கில் மூன்று பேர், ஒரு குழந்தை உட்பட. மியூசியம் வரை நடந்திருந்தால் ஒரு வம்சமே காலியாகியிருக்கும் என்று பயந்து திரும்பிவிட்டேன்.

புரோக்கரை மடக்கியதில் உண்மை வந்தது. "ஒரே ஆளுதான் சார். பதினோரு வருசமாச்சு. கடையில கணக்கு எழுதிட்டு இருந்தவரு. நாலரை லட்சம் கடன். கழுத்துல துண்டைப் போட்டுக் கேட்டானுக. மனுசன் தாங்கலை. நல்ல மனுசன் சார்."

கணக்கு எழுதினவர். எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. டெபிட் கிரெடிட் படித்தவன் கதியே இப்படியா என்று ஒரு சொந்தபந்தம்.

"வீட்டுக்காரங்க யாரு?"

"அவரு சம்சாரம்தான். கீரனூர்ல ஒரு ரூம்ல இருக்காங்க. இந்த வாடகைதான் சோறு."

பேய் வீடு, பிசாசு வீடு என்று நாம் பேசும்போது, அந்த வீட்டுக்கு ஒரு சொந்தக்காரர் இருப்பார் என்று தோன்றுவதே இல்லை. அந்த அம்மாளிடம் போனில் பேசினேன். ரொம்ப நேரம் பேசினார். யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது.

பதினோரு வருஷத்தில் நாலு குடித்தனம். ஒருத்தர் ஒன்றரை மாதத்தில் சாவியைக் கொடுத்துவிட்டார், பக்கத்து வீட்டுப் பையன் இவர் பையனிடம் ஏதோ சொல்லிவிட்டானாம். வீடு சும்மா பூட்டிக் கிடந்த காலம் மட்டும் கூட்டினால் ஆறு வருஷம். விற்கலாம் என்றால், இரண்டு தெரு தள்ளி இருக்கிற ஒரு பெரிய மனிதர் பாதி விலைக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். ராத்திரியில் அந்த வீட்டில் கொலுசுச் சத்தம் கேட்கிறது என்று ஊரெல்லாம் சொல்கிறவரும் அவர்தான்.

"செத்தவர் ஆம்பளையாச்சே, கொலுசு எங்கேருந்து வந்துச்சு?" என்று புரோக்கரிடம் கேட்டேன்.

"பேய்னா கொலுசு இருக்கும்ல சார்" என்றார், எனக்கு உலக ஞானம் போதாது என்கிற மாதிரி.

எனக்கு அதில் சந்தேகமே இல்லை. மலிவாக இடம் பிடிக்க நினைக்கிறவருக்குப் பேயைப்போல நம்பகமான பினாமி கிடையாது. சம்பளம் கேட்காது, கையெழுத்துப் போடாது, கோர்ட்டுக்கு வராது.

பழக்க தோஷம், பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டேன். இன்றைய வாடகை விகிதத்திலேயே வைத்துக்கொள்வோம். பூட்டிக் கிடந்த ஆறு வருஷத்துக்கு 72 மாதம், மாதம் 7,000 வீதம் 5,04,000. மீதி ஐந்து வருஷம் பாதி வாடகை. அதில் போனது 60 மாதத்துக்கு 2,10,000. ஆக மொத்தம் 7,14,000 ரூபாய். அந்த மனிதரைக் கொன்ற கடன் நாலரை லட்சம். அவர் போனதற்காக ஊர் அவருடைய மனைவியிடம் வசூலித்தது ஏழு லட்சத்துப் பதினாலாயிரம்.

இதில் ஐந்தொகைக்கு வராத ஐட்டமும் உண்டு. மகளுக்கு வரன் பார்க்கிறார்கள். 'சொந்த வீடு இருக்காமே' என்று ஆசையாக வருவார்கள். எந்த வீடு என்று விசாரிப்பார்கள். அப்புறம் போன் வராது.

தேய்மானத்தில் இரண்டு முறை சொல்லித்தருவார்கள். நேர்கோட்டு முறை என்றால் வருஷா வருஷம் ஒரே தொகையைக் கழிப்பது. பத்து வருஷத்தில் மதிப்பு பூஜ்யமாகிவிடும், கணக்கை மூடிவிடலாம். குறைந்து செல் மதிப்பு முறை என்று இன்னொன்று. மிச்சம் இருப்பதில் இத்தனை சதவிகிதம் என்று கழித்துக்கொண்டே போவது. அதில் எத்தனை வருஷம் போனாலும் பூஜ்யம் வரவே வராது. எங்கேயோ ஒரு ரூபாய் நாற்பது பைசா ஒட்டிக்கொண்டே இருக்கும். வீட்டின் மேல் விழுந்த கெட்ட பெயரை நம் ஊரில் இந்த இரண்டாவது முறையில்தான் கழிக்கிறார்கள்.

இதற்குச் சட்டம் எதுவும் இல்லையா என்று கேட்பீர்கள். 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம், 55-ஆவது பிரிவில், சொத்தில் உள்ள முக்கியமான குறை தனக்குத் தெரிந்திருந்து, வாங்குகிறவர் சாதாரண கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது என்றால், விற்கிறவர் அதைச் சொல்லியாக வேண்டும் என்கிறது. கரையான், பட்டாவில் வில்லங்கம் எல்லாம் குறைதான். வீட்டில் ஒருவர் செத்தது குறையா? சட்டத்தில் அந்த வார்த்தையே இல்லை. வில்லங்கச் சான்றிதழில் முப்பது வருஷத்து அடமானம் வரும், மரணம் வராது. (வந்தால் தமிழ்நாட்டில் ஒரு பூர்வீக வீடும் விற்காது. நம் தாத்தா பாட்டி எல்லாம் எங்கே போய்ச் செத்தார்கள், ஓட்டலிலா?)

அமெரிக்காவில் இதைக் கோர்ட் வரை கொண்டுபோய்விட்டார்கள். நியூயார்க் மாநிலத்தில் நயாக் என்ற ஊர். ஓர் அம்மாள் தன் வீட்டில் பேய் இருக்கிறது என்று அவராகவே 'ரீடர்ஸ் டைஜஸ்ட்' பத்திரிகைக்கு 1977-ல் எழுதிப் போட்டார். உள்ளூர்ப் பேப்பரிலும் வந்தது. ஊரைச் சுற்றிக் காட்டுகிற டூரில்கூட அந்த வீட்டைச் சேர்த்திருந்தார்கள். அப்புறம் வீட்டை ஆறரை லட்சம் டாலருக்கு விலை பேசினார். வாங்கியவர் நியூயார்க் சிட்டிக்காரர். உள்ளூர்க் கதை தெரியாது. 32,500 டாலர் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். விஷயம் தெரிந்ததும் கேஸ் போட்டார். 1991-ல் அப்பீல் கோர்ட் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது: ஊர் உலகத்துக்கெல்லாம் 'என் வீட்டில் பேய் இருக்கிறது' என்று சொன்னவர், இப்போது வந்து இல்லை என்று சொல்ல முடியாது. ஆகவே சட்டத்தின் கண்களுக்கு அந்த வீட்டில் பேய் உண்டு! எத்தனை உஷாரான ஆசாமி வாங்கப் போனாலும் பேயைச் சோதித்துப் பார்த்து வாங்க முடியாது என்பதால், ஒப்பந்தத்தை ரத்து செய்துகொள்ளலாம்.

இது சிரிக்கிற கேஸ். சிரிக்க முடியாத கேஸ் கலிஃபோர்னியாவில் 1983-ல் வந்தது. ஒரு பெண்மணி 76,000 டாலருக்கு வீடு வாங்கிவிட்டார். அங்கே பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு தாயும் நாலு குழந்தைகளும் கொலையானது தெரியாது. குடி வந்த பிறகு பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். (பக்கத்து வீட்டுக்காரர்கள் உலகம் பூராவும் ஒரே ஜாதி.) வழக்குத் தொடர உரிமை உண்டு என்றது கோர்ட். பிற்பாடு அங்கே ஒரு சட்டமே வந்தது: மரணம் நடந்து மூன்று வருஷம் தாண்டிவிட்டால் விற்கிறவர் தானாக முன்வந்து சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வாங்குகிறவர் நேராகக் கேட்டால் பொய் சொல்லக் கூடாது.

ஜப்பானில் இப்படிப்பட்ட வீடுகளுக்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். 'ஜிகோ புக்கென்', விபத்து வீடு. 2021 அக்டோபரில் அந்த ஊர் அமைச்சகம் ஒரு வழிகாட்டி போட்டது. வாடகை வீட்டில் தற்கொலையோ கொலையோ நடந்திருந்தால் ஏறக்குறைய மூன்று வருஷம் வரை சொல்ல வேண்டும். வயதாகி இயற்கையாகச் செத்தால் சொல்லவே வேண்டியதில்லை. அந்த இரண்டாவது ஷரத்து ஏன் என்றால், வீட்டுக்காரர்கள் கிழவர் கிழவிகளுக்கு வீடு கொடுக்கவே பயந்தார்களாம். நாளைக்கு மண்டையைப் போட்டால் வாடகை இறங்கிவிடுமே என்று. (இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருவேன்.)

மூன்று வருஷத்தைக் கேட்டு ஆச்சரியப்பட வேண்டாம். நம் பஞ்சாங்கம் அதைவிடத் தாராளம். அவிட்டம் முதல் ரேவதி வரை ஐந்து நட்சத்திரங்களில் யாராவது காலமானால் அடைப்பு என்று வீட்டை, அல்லது அந்த ரூமையாவது, பூட்டி வைப்பார்கள். ஆறு மாதம். ரோகிணிக்கு நாலு மாதம். இன்னும் சில நட்சத்திரங்களுக்கு மூன்று, இரண்டு. அப்புறம் சாந்தி செய்துவிட்டுத் திறந்துவிட வேண்டியது. இதை நீங்கள் நம்புகிறீர்களோ இல்லையோ, அதில் ஒரு தேதி இருக்கிறது பாருங்கள். இன்றையிலிருந்து இன்ன நாள் வரை; அப்புறம் துக்கம் விசாரித்தாயிற்று, கதவைத் திற, விளக்கேற்று. சாஸ்திரமே ஆறு மாதத்தில் விட்டுவிட்டதை டீக்கடை பதினோரு வருஷமாக விடவில்லை.

இன்னொன்றும் யோசித்துப் பார்த்தேன். துர்மரணம் என்றால் நம் முன்னோர்கள் இப்படி அலறி ஓடினவர்களே இல்லை. மதுரைவீரன் எப்படிச் செத்தார்? மாறுகால் மாறுகை வாங்கப்பட்டு. காத்தவராயன்? கழுமரத்தில். நல்லதங்காளுக்கு வத்திராயிருப்புப் பக்கம் அர்ச்சுனாபுரத்தில் கோவில் இருக்கிறது. கர்ப்பிணியாகச் செத்துப்போன பெண்ணுக்காக ரோட்டோரம் சுமைதாங்கிக் கல் நட்டார்கள், அவள் இறக்கி வைக்காத சுமையை வழிப்போக்கர்களாவது இறக்கி வைக்கட்டும் என்று. கல்யாணம் ஆகாமல் போன பெண்ணை வீட்டுக்குள்ளேயே கன்னியாக வைத்து, வருஷத்துக்கு ஒரு தடவை புதுப் பாவாடை எடுத்துப் படைக்கிற குடும்பங்கள் இன்றைக்கும் உண்டு. நம் சாமிகளில் ஒரு பெரிய கூட்டம் படுக்கையில் நிம்மதியாகச் செத்தவர்கள் அல்ல. அவர்கள் வாசலில் நம் பிள்ளைக்கு முதல் மொட்டை போட்டு, காது குத்தி, கிடா வெட்டிச் சாப்பிட்டுவிட்டு வருவோம். ஆனால் கடனுக்குப் பயந்து செத்த ஒரு கணக்குப்பிள்ளையின் வீட்டில் குடியிருக்க மாட்டோம்.

அவருக்கும் ஒரு கல்லை நட்டு, ஒரு பெயரைச் சொல்லி, அழுது தீர்த்திருந்தால் இத்தனை கொலுசுச் சத்தம் கேட்டிருக்காது என்று நினைக்கிறேன். வாயை மூடிக்கொண்டு, காதோடு காதாகச் சொல்வதில்தான் ஓர் ஆள் மூன்று ஆளாகிறார்.

சினிமாவும் சும்மா இருப்பதில்லை. சென்னை ஆழ்வார்பேட்டையில் டிமான்டி காலனி என்ற தெருவைப் பற்றி ரொம்ப காலமாகவே கதை. பழைய வீடுகள், ஆள் இல்லை, விளக்கு இல்லை. கதைக்கு வேறென்ன வேண்டும்? 2015-ல் அதே பெயரில் படம் வந்தது. படம் நன்றாகத்தான் இருந்தது, நானும் பயந்தேன். ஆனால் ஒரு தெருவின் பெயரைக் கேட்டதும் தமிழ்நாடு பூராவும் சிலிர்க்கிறது என்றால், அதைத் தேய்மானம் போட்டுக் கழிக்க எத்தனை தலைமுறை ஆகும்?

டெல்லி புராரியைப் பார்த்தால் கொஞ்சம் தெம்பு வருகிறது. 2018 ஜூலை 1-ஆம் தேதி காலை ஒரே வீட்டில் பதினோரு பேர் இறந்து கிடந்தார்கள். ஞாபகம் இருக்கும். அந்த வீட்டின் வெளிச்சுவரில் பதினோரு குழாய் நீட்டிக்கொண்டிருந்ததை டி.வி.க்காரர்கள் எண்ணி எண்ணிக் காட்டினார்கள். குழாய் காற்றோட்டத்துக்காக வைத்தது என்று சொன்னதை யார் கேட்டார்கள்? அப்படிப்பட்ட வீட்டை, 2019 கடைசியில், ஒரு டாக்டர் வாடகைக்கு எடுத்து, பூஜை போட்டு, ரத்தப் பரிசோதனை லேப் திறந்தார். இந்த மூடநம்பிக்கையெல்லாம் தனக்குக் கிடையாது என்று நிருபர்களிடம் சொன்னார். ஒன்றரை வருஷத்தில் அந்த வாசல் வழியாக ஜனங்கள் சர்க்கரை டெஸ்ட்டுக்குப் போய் வர ஆரம்பித்துவிட்டார்கள். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வந்தவனுக்குப் பேயைப் பற்றி யோசிக்கத் தெம்பு ஏது?

சட்டமும் கொஞ்சம் கொஞ்சமாக மனசு மாறித்தான் வந்திருக்கிறது. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரை ஒரு காலத்தில் 309-ஆவது பிரிவில் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. 2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டம், அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்றது. 2024 ஜூலையில் வந்த பாரதிய நியாய சம்ஹிதாவில் அந்தப் பிரிவையே காணோம். அரசு ஊழியரை மிரட்டுவதற்காகச் செய்தால் மட்டும்தான் குற்றம். செய்தவரையே சட்டம் விட்டுவிட்டது. அவர் வசித்த வீட்டை நாம் விடவில்லை.

ஞாபகத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா, அதற்கு வருகிறேன். ஜப்பான் வீட்டுக்காரர்களைப் பற்றிச் சிரித்தேன். ஆனால் டவுனுக்குள் வீடு தேடியபோது எங்களுக்கு நடந்தது அதுதான். எல்லா இடத்திலும் ஜாதி, சாப்பாடு, சம்பளம் விசாரித்த பிறகு ஒரு கேள்வி வரும்.

"வயசானவங்க யாராச்சும் கூட இருக்காங்களா?"

என் அம்மாவுக்கு எழுபத்து நாலு. இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் அட்மிட்டாகி வந்தவர்.

"உடம்பு எப்படி?"

இதை அக்கறை என்று நினைத்து முதல் வீட்டில் விலாவாரியாகச் சொன்னார் என் மனைவி. வீட்டுக்காரர் முகம் மாறியது. 'வீட்டுல கல்யாண வயசுல பொண்ணு இருக்கு, அதான் பார்க்குறேன்' என்றார். அவர் பெண்ணின் கல்யாணத்துக்கும் என் அம்மாவின் மூச்சிரைப்புக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு உறைக்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. இரண்டாவது வீட்டில் இன்னும் தெளிவு: "தப்பா எடுத்துக்காதீங்க சார். அப்படி ஏதாச்சும்னா ஆஸ்பத்திரியிலேர்ந்து நேரா சொந்த ஊருக்குக் கொண்டு போயிடணும்." அக்ரிமென்ட்டில் எழுதாத ஷரத்து. பதினோரு மாத அக்ரிமென்ட்டில், செத்தால் எங்கே கொண்டுபோவது என்பதுவரை பேசிவிட்டார் மனிதர். வெள்ளையடிக்க ஒரு மாத வாடகை பிடிப்பார் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

துர்மரணம் என்றில்லை, வாடகை வீட்டில் இருப்பவனுக்கு எல்லா மரணமுமே துர்மரணம்தான். 2017 செப்டம்பரில் ஹைதராபாத் கூகட்பள்ளியில் நடந்ததைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். டெங்குவில் இறந்துபோன பத்து வயதுப் பையனின் உடலோடு அவன் அம்மா குடியிருந்த வீட்டுக்கு வந்தார். வீட்டுக்காரர் உள்ளே விடவில்லை. மழை. ராத்திரி முழுக்க அந்தத் தாய் பிள்ளையை வைத்துக்கொண்டு தெருவில் இருந்தார். அக்கம்பக்கத்தார்தான் கூட நின்று உதவினார்கள். அந்தப் பையன் குடியிருந்த வீடுதானே அது?

நம் ஆபீஸ்களில் எத்தனை பேர் ஊரிலிருந்து அப்பா அம்மாவைக் கூட்டிவர முடியாமல் இருக்கிறார்கள் என்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கேட்டுப் பாருங்கள். 'அவங்களுக்கு டவுன் ஒத்துக்கலை' என்பார்கள். யாருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று இரண்டாவது தடவை கேளுங்கள்.

ஆகவே திருக்கோகர்ணத்து வீட்டை என்ன செய்வது என்று எங்கள் வீட்டில் கூட்டம் போட்டோம். நான் அம்மாவைத்தான் பயந்தேன். ராகு காலத்தில் பால்கூட வாங்காதவர். அவரிடம் எதையும் மறைக்காமல் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "கிணத்துத் தண்ணி உப்பா?" என்றார். இல்லை என்றேன். "அந்தப் பொண்ணு பாவம்டா. ஆடி கழியட்டும், போயிடலாம்" என்றார். அவ்வளவுதான். எழுபது வயதுக்கு மேல் ஆனவர்களுக்குப் பேயிடம் பெரிய பயம் இருப்பதில்லை என்று தெரிகிறது. எப்படியும் கொஞ்ச நாளில் பழக வேண்டிய கூட்டம்தானே.

வாடகையில்தான் தகராறு. எனக்கு மூவாயிரத்து ஐநூறில் எந்த ஆட்சேபணையும் இல்லை. என் மனைவிக்குத்தான் இருந்தது. "ஏழாயிரம் ரூபா வீட்டை மூவாயிரத்து ஐநூறுக்கு எடுத்தா, நாமளும் அந்தக் கொலுசுச் சத்தம் கேட்ட ஆளுதான்" என்றார். ஆறாயிரத்தில் முடிந்தது. வீட்டுக்காரர் இறக்க, குடி வருகிறவர் ஏற்ற, இப்படி ஒரு பேரத்தைத் தன் சர்வீஸில் பார்த்ததில்லை என்று புரோக்கர் தலையில் அடித்துக்கொண்டார். கமிஷன் மட்டும் ஆறாயிரத்துக்கே வாங்கிக்கொண்டார்.

எல்லாம் பேசி முடித்தபின் அந்த அம்மாளிடம் போனில் நானே முந்திக்கொண்டு சொன்னேன். முதல் இரண்டு வீட்டில் பட்டது போதாதா?

"எங்கம்மாவும் எங்களோட இருப்பாங்க. எழுபத்து நாலு வயசு. உடம்பு அப்படி இப்படித்தான். நாளைக்கு ஏதாவதுன்னா, முன்னாடியே சொல்லலையேன்னு நீங்க நினைக்கக் கூடாது."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"மாடிப்படியெல்லாம் அவங்களுக்கு வேண்டாம் தம்பி" என்றார். "முன் ரூமைக் கொடுங்க. வேப்பமரக் காத்து கொல்லை வழியா நேரா அங்கதான் வரும். பாத்ரூமும் பக்கம்."

அம்மா இப்போது அந்த ரூமில்தான் இருக்கிறார். காற்று நன்றாகத்தான் வருகிறது.